கடைசிப் பக்கத்துச் சைபர்

இந்தக் கையேடு உங்கள் கைக்கு வந்ததும் முதலில் எந்தப் பக்கத்தைத் திருப்பியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கடைசிப் பக்கத்தை. விடைகள் அங்கேதான் இருக்கும் என்பது ஆசிரியர்களான நம் எல்லோருடைய கைக்கும் பழகிப்போன விஷயம். நானும் முப்பது வருடத்துக்கு மேல் அப்படித் திருப்பியவள்தான்.

நம் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் விடை கிடையாது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் நோட்டுப் பக்கம் இருக்கிறது, கோணல்மாணலான கன்னட எழுத்தில். அதன் குறுக்கே ‘தப்பு’ என்று ஒரு திருத்தம். அந்தத் திருத்தத்தின் மேல் ஓர் அடித்தல். கீழே ஒரு வரி, என் கையெழுத்து, பக்கத்தில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு சைபர். ஜெராக்ஸுக்கு மேல் ஜெராக்ஸ் எடுத்ததில் சிவப்பு மை முழுவதும் கறுத்துப்போய்விட்டது.

போன வாரம் பயிற்சி முகாமில், டீ இடைவேளையில், உங்களில் மூன்று பேர் என்னைச் சூழ்ந்துகொண்டீர்கள். “மேடம், புதுப் பதிப்புல அந்தக் கடைசிப் பக்கத்த மட்டும் எடுத்துடலாமா? பாக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்குது. பேரண்ட்ஸ் யாராவது பாத்தா இன்னா நெனப்பாங்க?” என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் வடையைத் தின்று முடித்தேன். கோபம் வந்தால் வாயில் எதையாவது போட்டு அடைத்துக்கொள்வது என் வழக்கம்.

வடை தீர்ந்துவிட்டது, இப்போது பதில் சொல்கிறேன். எடுக்க முடியாது. நீரைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் அதற்கான காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்ட பிறகும் எடுக்கத் தோன்றினால், முன்பக்கத்தில் இருக்கும் என் பெயரையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சுரங்கத் தொழிலாளி. எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால், தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைட் மண் மேடு இருந்தது. மழை பெய்தால் அதிலிருந்து சாம்பல் நிறத்தில் தண்ணீர் இறங்கி ஓடும். “அதுல கால வெச்ச, கால ஒடச்சுடுவேன்” என்று அம்மா கத்துவார். தண்ணீருக்கு நிறமும் நாற்றமும் உண்டு என்று எனக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை.

அப்படிப்பட்டவள்தான் கல்யாணமாகி பெங்களூரு மர்பி டவுனுக்கு வந்து, அல்சூர் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை ஆகி, “தண்ணீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை” என்று வருடம் தவறாமல் ஒப்பிக்க வைத்தேன். ஒரு வருடம் தேர்வில் ‘தண்ணீரின் நிறம் என்ன?’ என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை ‘பச்சை’ என்று எழுதியிருந்தாள். மணம் என்ற இடத்தில் ‘மீன் செத்தால் வரும்’ என்று எழுதியிருந்தாள். அவள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும். நான் சைபர் போட்டேன். போட்டதோடு விட்டேனா, அந்தச் சைபருக்குள் கண், மூக்கு, வாய் எல்லாம் வரைந்து, வகுப்புக்கே காட்டிச் சிரிக்க வைத்தேன். அந்தப் பிள்ளையும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள், வேறென்ன செய்வாள். அடுத்த வருடம் அவள் அப்பா வேறு ஊருக்குப் போனார், அவளும் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. நல்ல டீச்சர் என்று பெயர் வாங்கிக்கொண்டுதான் ஓய்வு பெற்றேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் இந்தக் கையேட்டு வேலை வந்தது. ஒரு கம்பெனி, தன் சமூகப் பொறுப்பு என்ற கணக்கில், ஆசிரியர்களுக்கு நன்னீர்க் கல்விக் கையேடு ஒன்று போட விரும்பியது. எழுத என்னைக் கூப்பிட்டார்கள். கையேட்டோடு ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. அதற்குள் வெள்ளைத் தட்டு, டீ வடிகட்டி, பூதக்கண்ணாடி, தெர்மாமீட்டர், லிட்மஸ் தாள். பிள்ளைகள் பக்கத்து ஏரிக்குப் போய், கரையோரத்துத் தண்ணீரை வடிகட்டித் தட்டில் கொட்டி, என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று எண்ணி எழுத வேண்டும். எந்த உயிர் இருக்கிறது, எது இல்லை என்பதிலேயே தண்ணீரின் நலம் தெரிந்துவிடும். நல்ல திட்டம். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

அதில் நான் செய்த முட்டாள்தனம் ஒன்று. ஆசிரியர் கையேடு என்றால் பின்னால் விடை இருக்க வேண்டும் அல்லவா? ‘எதிர்பார்க்கப்படும் விடை’ என்று தலைப்புப் போட்டு, நத்தை ஐந்து, தட்டான் குஞ்சு மூன்று, சிவப்புப் புழு ஒன்று என்று அழகாகக் கட்டம் கட்டி எழுதினேன். ஏரிக்கு விடை எழுதிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சோதனைக்காக இருபது பள்ளிகளுக்கு அனுப்பினோம். மூன்று மாதம் கழித்து நோட்டுகள் மூட்டை மூட்டையாக மர்பி டவுனில் என் வீட்டுக்கு வந்து இறங்கின. முதல் பள்ளியில் நத்தை ஐந்து, தட்டான் மூன்று, புழு ஒன்று. ஆகா என்று ‘மிக நன்று’ போட்டேன். இரண்டாவது பள்ளி, மூன்றாவது பள்ளி, எல்லாம் அச்சு அசலாக அதே. என் திட்டம் இவ்வளவு நன்றாகப் போகிறதே என்று பூரித்துப்போய்ப் பேனா ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஏழாவதோ எட்டாவதோ ஒரு கட்டு. ஆனேக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றின் அரசுப் பள்ளி. அந்த நோட்டுகளில் நத்தை இல்லை, தட்டான் இல்லை, சிவப்புப் புழு ‘எண்ண முடியவில்லை’ என்று இருந்தது. வாசனை என்ற இடத்தில் ‘நெயில் பாலிஷ்’. எனக்கு எரிச்சல் வந்தது. ஒழுங்காக வடிகட்டாமல் ஏனோதானோ என்று எழுதியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, முப்பத்தொரு நோட்டிலும் ‘தப்பு, மறுபடி செய்க’ என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினேன். கன்னடத்தில்தான் எழுதினேன். தப்பு என்பதற்கு இரண்டு மொழியிலும் ஒரே சொல்தான், யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

பத்து நாளில் ஒரு போன் வந்தது.

“மேடம், நானு ஆனேக்கல் பக்கத்துல இருந்து பேசறேன். ஆறாங்கிளாஸ் சயின்ஸ் டீச்சர். நோட்டு வந்துச்சு. தப்புன்னு போட்டிருக்கீங்க. எது தப்புன்னு போடல.”

குரலிலேயே சின்ன வயது என்று தெரிந்தது. “கணக்கு சரியா வரலையேம்மா. வடிகட்டறதுல எங்கயோ கோட்டை விட்டிருக்கீங்க. மறுபடியும் செய்யச் சொல்லு” என்றேன்.

“செஞ்சோம் மேடம். மூணு தடவ போனோம். நத்தையே இல்ல.” பிறகு, “வேணும்னா ஒண்ணு செய்யறேன். ஹோசூர்ல எங்க மாமா ஊரு ஏரில நத்தை இருக்குது. அஞ்சு புடிச்சாந்து இங்க வுட்டுட்டு எண்ணச் சொல்றேன். சரியா மேடம்?” என்றாள்.

“இன்னாம்மா, கிண்டலா?”

“கிண்டல் இல்ல மேடம். நீங்க சரின்னு போடணும்னா அப்படித்தான் செய்யணும் போல. அதான் கேக்கறேன்.”

போனை வைத்துவிட்டேன். திமிர் பிடித்த பெண் என்று வாய்விட்டே சொன்னேன். அந்தக் கோபத்தோடு மீதி நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்து, ஏற்கெனவே திருத்திய ஒரு கட்டை எடுத்து ஓரமாக வைக்கும்போதுதான் பள்ளியின் பெயர் கண்ணில் பட்டது. அந்த ஊர் ஏரியை மூடிப் பஸ் ஸ்டாண்ட் கட்டி எத்தனையோ வருடம் ஆகிறது. அங்கே நானே பலமுறை பஸ் ஏறியிருக்கிறேன். அந்தப் பஸ் ஸ்டாண்டில் நத்தை ஐந்து, தட்டான் மூன்று என்று எழுதியிருந்த நோட்டுகளுக்கு வரிசையாக ‘மிக நன்று’ போட்டிருந்தேன்.

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அந்த ஆசிரியர்களைத் திட்டிப் பயனில்லை. இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் நோட்டு சுத்தமாகவும் விடை சரியாகவும் இருக்க வேண்டும் என்றுதான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். விடை அச்சாகிக் கையில் வந்துவிட்டால், ஏரிக்குப் போவானேன்? காப்பியடிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். காப்பியடிக்காத ஒரே டீச்சரைத் தண்டித்தவளும் நான்.

அந்த வாரமே இரண்டு பஸ் மாறி ஆனேக்கல் பக்கத்து அந்தக் கிராமத்துக்குப் போனேன். போனில் பேசிய டீச்சருக்கு முப்பது வயதுகூட இருக்காது. தமிழ் வீட்டுப் பெண், கன்னடத்திலேயே படித்தவள். வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற அதிதி ஆசிரியை வேலை. நிரந்தரம் கிடையாது. பள்ளிக் கமிட்டியும் ஹெச்.எம்.மும் ஒவ்வொரு ஜூனிலும் மறுபடி வேண்டும் என்று சொன்னால்தான் உண்டு. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. புருஷனுக்கு விபத்தில் கால் போயிருந்தது.

பிள்ளைகள் என்னை ஏரிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். கன்னடம், தமிழ், தெலுங்கு எல்லாம் கலந்து ஒரே கூச்சல். பின்னல் அவிழ்ந்து தொங்க ஒரு பிள்ளை முன்னால் ஓடிப்போய் வாளியை இறக்கினாள். வெள்ளைத் தட்டு முழுக்கச் சிவப்புப் புழு நெளிந்தது. மூச்சுக்காற்று இல்லாத தண்ணீரில் கடைசியாக மிஞ்சி நிற்பது அதுதான். நத்தை ஓடுகள் கரையில் வெளுத்துக் கிடந்தன, உள்ளே எதுவும் இல்லை.

“மிஸ், இன்னைக்கு வாசனை கம்மி. சோமவாரம் வாங்க, தலையே சுத்தும்” என்றாள் அந்தப் பிள்ளை. திங்கட்கிழமைக்குத்தான் சோமவாரம் என்றாள். நோட்டைத் திறந்து காட்டினாள். எந்தெந்த நாள் நாற்றம் என்று தனியாக ஒரு பத்தி போட்டிருந்தாள். என் கையேட்டில் அப்படி ஒரு பத்தியே கிடையாது. கால்வாய் வழியாக எதுவோ வந்து சேர்கிறது. யார் விடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியாததை நான் எழுதமாட்டேன். ஆனால் வருகிறது என்பதை அந்தப் பிள்ளை கண்டுபிடித்திருந்தாள், அந்தப் பத்தியின் மேலேயேதான் என் ‘தப்பு’ குறுக்கே கிடந்தது.

பஸ் நிறுத்தத்தில் அந்த டீச்சரிடம், “நீ செஞ்சதுதாம்மா சரி. நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்றேன்.

“அப்போ நோட்டுல மாத்திப் போட்டுக் குடுக்கறீங்களா மேடம்? பசங்க ரொம்ப கேக்கறாங்க.”

இந்த இடத்தைக் கவனியுங்கள். நான் சொன்னது இதுதான்: “அதெல்லாம் எதுக்கு? நமக்குள்ள தெரிஞ்சா போதாதா. அடுத்த தடவை நல்லா போட்டுட்டா ஆச்சு.” பஸ் வந்தது, ஏறிவிட்டேன். பிள்ளைகள் முன்னால் என் சிவப்பு மையை நானே அடிப்பதா என்று கூச்சம். வேறு ஒரு காரணமும் இல்லை. நத்தை எண்ணிக்கையில் நான் செய்தது அவசரத் தவறு. பஸ் நிறுத்தத்தில் நான் செய்தது கோழைத்தனம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து என்னை மன்னித்துவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்து கையேட்டை மாற்றி எழுதினேன். விடைப் பக்கத்தைத் தூக்கினேன். அதற்குப் பதிலாக மாதிரிப் பக்கம் என்று அந்தப் பிள்ளையின் கணக்கையே, என் திருத்தம் இல்லாமல், சுத்தமாக வரைந்து வைத்தேன். நத்தை இல்லை, புழு எண்ண முடியவில்லை, திங்கட்கிழமை நாற்றம்.

அச்சுக்குப் போகிற அன்று கம்பெனியின் ஒருங்கிணைப்பாளர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், தங்கமான பேச்சு.

“மேடம், எல்லாம் பிரமாதமுங்க. அந்த மாதிரிப் பக்கம் மட்டும் கொஞ்சம் நெருடுதுங்க. அதே ஏரியைச் சுத்தித்தான் நம்ம கம்பெனி நடைபாதை போட்டுட்டு இருக்கு. திறப்பு விழா அன்னிக்கே கையேட்டையும் வெளியிடறோம். அங்க வந்து உக்கார்ற பெரியவங்க கையில, நத்தை இல்லை, நாத்தம்னு குடுத்தா நல்லா இருக்குமுங்களா?”

“ஏரியில நத்தை இல்லையே.”

“மாதிரிப் பக்கம்தானுங்களே மேடம். அஞ்சு நத்தைன்னு போட்டா யாருக்கு நஷ்டம்? உங்க பழைய விடைப் பக்கத்தையும் அப்படியே சேர்த்துடுங்க, டீச்சர்கள் எல்லாம் அதைத்தான் கேக்கறாங்க. நீங்க ப்ரூஃப்ல கையெழுத்துப் போட்டாத்தான் மெஷின் ஓடும். ஒரு மணி நேரத்துல சொல்லுங்க.”

பொய் சொல்லமாட்டேன், நான் ஆடிப்போனேன். ஒரு பக்கத்துக்காக முழுப் புத்தகத்தையும் பலி கொடுப்பதா? நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் போகப்போகிறது. இந்த ஒரு ஏரியைப் பற்றி ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தால் மற்ற எல்லா ஏரிக்கும் நல்லது நடக்குமே என்று கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கு உங்களுக்கும் வரும். நல்லவர்களுக்குத்தான் முதலில் வரும்.

ஆனேக்கல் டீச்சருக்குப் போன் போட்டு, கம்பெனி கேட்டதைச் சொன்னேன். உண்மையைச் சொன்னால், “போகட்டும் மேடம், மாத்திக்கோங்க” என்று அவள் வாயால் வரவேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் போட்டேன். பழி அவள் மேல் போய்விடும் பாருங்கள்.

“உன் வேலைக்கும் ஏதாவது வந்துடப்போவுது. ஸ்கூலுக்கு பெஞ்சு, கம்ப்யூட்டர் எல்லாம் அந்தக் கம்பெனிக்காரங்கதானே குடுத்தாங்க” என்று இழுத்தேன்.

“என் வேலைய பத்தி நீங்க யோசிக்காதீங்க மேடம், அது என் பாடு. பசங்க கணக்க மாத்தறதுக்கு நீங்களும் யாரு, நானும் யாரு?” என்றாள். பிறகு, “பெல் அடிச்சிடுச்சு, வெக்கறேன்” என்று வைத்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் முடிவதற்குள் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன், கையெழுத்துப் போடமாட்டேன் என்று. அவர் கடைசிவரை மரியாதையாகவே பேசினார். வேறொரு நிபுணரைப் பிடித்து, வேறொரு கையேடு போட்டுக்கொண்டார்கள். உங்களில் சிலர் அதைப் பார்த்திருப்பீர்கள். வழவழப்பான தாள், அருமையான படங்கள், கடைசிப் பக்கத்தில் ஐந்து நத்தை. நம்முடையது ஜெராக்ஸ் கடையில் பிறந்தது. நான் மார் தட்டிக்கொண்டு திரிந்தேன், நியாயத்துக்காக நின்றுவிட்டேனாம். சங்கதி முடிந்தது என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஜூன் மாதம் அந்த டீச்சர் மறுபடி போன் செய்தாள்.

“மேடம், அந்த நீல வாளிய யாருகிட்ட குடுக்கணும்?”

“ஏன், உன்கிட்டயே இருக்கட்டும்.”

“இந்த வருஷம் லிஸ்ட்ல என் பேரு இல்ல. நாளைக்குக் கமிட்டி கூடி கையெழுத்துப் போட்டுடுவாங்க. வாளி உங்களுதுதானே, அதான் கேட்டேன்.”

“காரணம் என்ன சொன்னாங்க?”

“உங்க கையெழுத்துதான் மேடம். முப்பத்தோரு நோட்டுலயும் தப்பு தப்புன்னு எக்ஸ்பர்ட்டே எழுதியிருக்காங்க, அப்புறம் இந்த டீச்சர எப்படி வெச்சுக்கறதுன்னு ஹெச்.எம். கேக்கறாரு. நான் இன்னா சொல்றது?”

அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். கமிட்டி ஒரு வகுப்பறையில் கூடியிருந்தது. பெற்றோர்கள் ஏழெட்டுப் பேர் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஹெச்.எம். கெட்ட மனிதர் அல்ல. பயந்த மனிதர். திறப்பு விழாவில் தன் பள்ளியால் ஒரு சங்கடமும் வந்துவிடக் கூடாது என்ற பயம். மேஜை மேல் முப்பத்தொரு நோட்டும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. அவள் கதவோரம் நின்றிருந்தாள், கையில் அந்த வாளி.

நான் எழுந்து, கன்னடத்தில், அந்தத் திருத்தம் தவறு என்றேன். நான் ஏரியைப் பார்க்காமலே திருத்தினேன் என்றேன்.

ஹெச்.எம். புன்னகைத்தார். “நீங்கள் பெரியவர், இரக்கப்பட்டுச் சொல்கிறீர்கள். அது உங்கள் பெருந்தன்மை. ஆனால் ரெக்கார்டில் இருப்பது இதுதானே மேடம்?” என்று நோட்டை விரித்துக் காட்டினார். என் எழுத்துதான். திருத்தமான, அழகான எழுத்து. இத்தனை வருடம் நான் பெருமைப்பட்ட எழுத்து.

அப்போது பின் பெஞ்சிலிருந்து ஒரு தாய் பேசினார். கூலி வேலைக்குப் புறப்பட்டு வழியில் வந்திருப்பார் போல, சாப்பாட்டுத் தூக்கு மடியில் இருந்தது. தமிழிலேயே பேசினார், என் முகத்தைப் பார்த்து. “நத்தை இல்லன்னு ஊருக்கே தெரியும் மிஸ். எங்க மாடு அந்தத் தண்ணி குடிக்கறத வுட்டு ரெண்டு வருஷம் ஆவுது. உங்களுக்கு ஒருத்தருக்குத்தான் தெரியல. தெரியலன்னா கேக்கணும். அத வுட்டுட்டு பசங்க நோட்டுல கிறுக்கிட்டீங்க.”

ஒருவரும் அவரை அடக்கவில்லை. எனக்குக் காது மடல் வரை சுட்டது. பையைத் திறந்து அதே சிவப்புப் பேனாவை எடுத்தேன். “ரெக்கார்டுதானே வேணும், இருங்க” என்றேன். முதல் நோட்டை எடுத்து ‘தப்பு’ என்ற சொல்லை அடித்தேன். கீழே, ‘பிள்ளை எழுதியது சரி. திருத்தியவர் தவறு’ என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டேன். அடுத்த நோட்டு. அடுத்தது. பத்தாவது நோட்டில் ஹெச்.எம். “போதும் மேடம், புரிந்துவிட்டது” என்றார். “முப்பத்தொண்ணுலயும் தப்புன்னு எழுத எனக்குப் பொறுமை இருந்துச்சு சார். இதுக்கும் இருக்குது” என்றேன். எல்லோரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தாயும் வேலைக்கு நேரமாகிறது என்று எழுந்து போகவில்லை.

முடித்ததும் கமிட்டித் தலைவர் தொண்டையைச் செருமினார். “நிபுணரே எழுதிக் கொடுத்துவிட்டார். டீச்சர் மேல் குறை என்ன இருக்கிறது?” என்றார். ஹெச்.எம். அவளுடைய பெயரைப் பட்டியலில் எழுதினார். திறப்பு விழாப் பயம் அவரை விட்டுப் போகவில்லை, ஆனாலும் எழுதினார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன். கதவோரம் நின்றவள் வாளியைக் கீழே வைத்தாள், அவ்வளவுதான். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

நோட்டுகளைப் பிள்ளைகளிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது ஏழாம் வகுப்பு. பின்னல் அவிழ்ந்த பிள்ளை தன் பக்கத்தை மூன்று முறை படித்தாள். பிறகு ஒரு சந்தேகம் கேட்டாள்.

“மிஸ், நாங்க தப்பு செஞ்சா மார்க் போவும். நீங்க தப்பு செஞ்சிருக்கீங்க. உங்களுக்கு எத்தன மார்க்?”

அவள் டீச்சர், “ஏய், பேசாத இரு” என்றாள். நான் நோட்டைத் திருப்பி வாங்கி, என் கையெழுத்துக்குப் பக்கத்தில், பெரிதாக ஒரு சைபர் போட்டேன். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஏரிக்கரை வீட்டுப் பிள்ளை அன்று எப்படிச் சிரித்திருப்பாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணில் நீர் முட்டிவிட்டது. தூசு என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தப் பக்கத்தைத்தான் அவளிடம் கேட்டு வாங்கி, ஜெராக்ஸ் எடுத்து, சுத்தமாக நான் வரைந்த மாதிரியைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் வைத்தேன்.

ஏரி சரியாகிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. நடைபாதை வந்தது, வேலி வந்தது, தட்டில் இன்னும் சிவப்புப் புழுதான் வருகிறது. அந்த டீச்சர் வருடா வருடம் நோட்டு அனுப்புகிறாள், வருடா வருடம் அதையேதான் எழுதுகிறார்கள். சரியாகிவிட்டது என்று நீங்கள் யாராவது அழகுக்காக எழுதினால், இந்த வயதிலும் பஸ் ஏறி வந்து கேட்பேன்.

உங்களிடமும் எல்லோரும் ஐந்து நத்தை கேட்பார்கள். மேலதிகாரி கேட்பார், பணம் கொடுப்பவர் கேட்பார், பிள்ளைகளின் நோட்டு சுத்தமாக இருக்க வேண்டும் என்ற உங்கள் ஆசையும் கேட்கும். கொடுக்காதீர்கள். ஏரிக்குப் போகாமல் பேனாவைத் திறக்காதீர்கள். திறந்து தவறு செய்துவிட்டால், எந்த நோட்டில் செய்தீர்களோ அதே நோட்டில், அதே மையில், பிள்ளைகள் பார்க்கத் திருத்துங்கள். பஸ் நிறுத்தத்தில் காதோடு சொல்லிவிட்டு வண்டி ஏறாதீர்கள்.

தண்ணீர் பச்சை என்று எழுதிய பிள்ளையை நான் தேடாத இடம் இல்லை. கிடைக்கவில்லை. அவள் நோட்டு எந்தப் பழைய பேப்பர் கடையில் கரைந்ததோ. அவளுக்குப் போட்ட சைபரை என்னால் அழிக்க முடியாது. கடைசிப் பக்கத்தில் இருப்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சைபர். அதை அழிக்க உங்களை விடமாட்டேன்.